பாத்துக் குடுங்க

கீபோர்டு டீச்சரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். எந்தப் பாட்டுக்கு எந்தச் சுருதி, எந்தப் பிள்ளை வீட்டில் வாசித்தே பார்க்காமல் வந்து கதை விடுகிறது, எந்தத் தையல் கடையில் கீபோர்டுக்கு உறை தைத்துத் தருவார்கள், எல்லாவற்றுக்கும் பட்டென்று பதில் வரும். "ஃபீஸ் எவ்வளவு டீச்சர்?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. உடனே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பாள். முகம் போகிற போக்கைப் பார்த்தால், கேட்டவருக்கே ஏதோ தப்பாகப் பேசிவிட்டோமோ என்று தோன்றும். கடைசியில், "அதுக்கென்னங்க, பாத்துக் குடுங்க" என்பாள்.

பெற்றோர்களும் பார்த்தார்கள். சிலர் தாராளமாகப் பார்த்துக் கொடுத்தார்கள். சிலர் கிள்ளிக் கொடுத்தார்கள். சிலர் பார்ப்பதோடு சரி. ஒரு அம்மா இரண்டு வருஷமாகப் பிஸ்கட் டின்னாகவே கொடுத்துவந்தாள். டீச்சர் வீட்டில் ஊசி நூலுக்கு ஒரு டின், தீர்ந்துபோன பேட்டரிக்கு ஒரு டின், ரப்பர் பாண்டுக்கு ஒரு டின்.

இந்த வியாதி அவளுக்கு இளவயதிலேயே பிடித்தது. ஒரு இசைக்குழுவில் எட்டு வருஷம் கீபோர்டு வாசித்தாள். நிகழ்ச்சி முடிந்ததும் குழுத் தலைவர் மடித்த கவரைக் கையில் திணிப்பார். அதை அவர் எதிரில் பிரிப்பது மரியாதையில்லை. பேருந்தில் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் பிரித்துப் பார்க்க வேண்டும். எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் எதிர்பார்த்தது உள்ளே இருந்ததில்லை. எவ்வளவு எதிர்பார்த்தாள் என்று யாரும் கேட்டதும் இல்லை, அவளும் சொன்னதும் இல்லை. அப்படியே நாக்கு பழகிவிட்டது.

ஐம்பது வயதில் அவளுக்கு ஒரு நல்ல காலம் பிறந்தது. மூன்று தெரு தள்ளியிருந்த பெரிய பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை வேலைக்குக் கூப்பிட்டார்கள். பள்ளி முதல்வர் அம்மாள் அவள் வாசித்ததைக் கேட்டுவிட்டு, அப்போதே சரி என்றுவிட்டார். ஆனால் இரண்டு கண்டிஷன். இசை அறை என்று ஒன்று இருக்கிறது, அதில் நாற்காலிகள் இருக்கின்றன, பியானோ இல்லை. அடுத்த வருஷம்தான் வாங்குவார்களாம். அதுவரை டீச்சரே ஒன்று கொண்டுவர வேண்டும். கீபோர்டு போதாது, எண்பத்தெட்டு கட்டையும் உள்ள பியானோவாக இருக்க வேண்டும், பியானோ தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு அதில்தான் விரல் பழக வேண்டும். இது முதல் கண்டிஷன். இரண்டாவதைக் கேட்டதும் டீச்சரின் கை மூக்குக் கண்ணாடிக்குப் போனது.

"எவ்ளோ சம்பளம் எதிர்பாக்கறீங்க?"

"நீங்களே பாத்துப் போடுங்க மேடம்."

முதல்வர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் பாத்துப் போட முடியாதும்மா. இந்தக் கட்டத்துல நீங்கதான் எண் எழுதணும். நிர்வாகத்துக்கு அனுப்பணும். திங்கக்கிழமை பியானோவோட வாங்க, எண்ணோட வாங்க. இல்லேன்னா இன்னொருத்தர் காத்திட்டிருக்காங்க."

டீச்சர் வெறும் கட்டத்தோடு படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

புது பியானோ வாங்குவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. பழசுக்கு என்று கைபேசியில் ஒரு குழு இருந்தது. இசைக் கருவி, ஸ்பீக்கர், மைக், எல்லாவற்றையும் அதில் வாங்குவார்கள், விற்பார்கள். இரண்டாயிரம் பேர் இருந்த அந்தக் குழுவை ஒரே ஒரு ஆள் கட்டி மேய்த்தார். அவருக்குக் குழுவில் வைத்திருந்த பெயர் 'சட்டம்'. அவர் போட்ட விதிகள் அப்படி. பொருளின் குறையை முதல் வரியில் எழுத வேண்டும். விலையை எண்ணில் எழுத வேண்டும், 'பேசிக்கலாம்', 'தனியா வாங்க சொல்றேன்' என்றெல்லாம் போட்டால் பதிவு பறந்துவிடும். அடுத்தவர் விலையைப் பார்த்து 'இது ஆனை விலை' என்று அங்கலாய்க்கக் கூடாது, பிடிக்காவிட்டால் பேசாமல் நகர வேண்டும். முதலில் 'எடுத்துக்கறேன்' என்று எழுதியவருக்கு மூன்று நாள் உரிமை. பொருளைப் பார்க்க வந்த இடத்தில் வாசலில் நின்று பேரம் பேசக் கூடாது. வாங்குவதாகச் சொல்லிவிட்டு விலகினால் காரணத்தை எல்லாரும் பார்க்க எழுத வேண்டும்.

டீச்சரின் அதிர்ஷ்டம், அந்த வாரம் சட்டமே தன் பியானோவை விற்கப் போட்டிருந்தார். 'குறை: இடது மிதிகட்டை லேசாகக் கிறீச்சிடும். விலை: ஐம்பத்தைந்தாயிரம்.' அவ்வளவுதான் எழுதியிருந்தார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு 'எடுத்துக்கறேன்' என்று தட்டிவிட்டாள். அவளுக்குக் கீழேயே இன்னும் மூன்று பேர் வரிசை கட்டிவிட்டார்கள். உரிமை ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி வரைக்கும்தான். அதற்குள் கையில் காசு இருக்க வேண்டும், சேமிப்பு போதாது, மீதிக் காசு வர வேண்டுமென்றால் இசைக்குழுக் காலத்துப் பெரிய கீபோர்டை விற்க வேண்டும்.

படம் எடுத்தாள். குறையை ஒளிக்காமல் எழுதினாள்: 'வலது ஓரத்தில் கீறல் உண்டு.' விலை என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. என்ன யோசித்தும் பழக்கம்தான் ஜெயித்தது. 'பாத்துக் குடுங்க' என்று போட்டாள்.

இரண்டே நிமிஷத்தில் பதிவு காணாமல் போனது. சட்டத்திடமிருந்து ஒரு வரி வந்தது: 'இரண்டாவது விதியைப் படிக்கவும்.' அடுத்து 'நியாயமான விலை' என்று போட்டாள், அதுவும் போனது. மூன்றாவதாக, 'உங்கள் மனசாட்சிப்படி' என்று போட்டாள். 'டீச்சர், இன்னொரு தடவை இப்படிப் போட்டால் குழுவை விட்டு எடுக்க வேண்டியிருக்கும். மன்னிக்கவும்' என்று பதில் வந்தது.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். எண்ணெய்க் கறை படிந்த கையைத் துணியில் துடைத்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் மில்லிமீட்டரில் வாழ்கிறவன். "இதே மாடல் மத்தவங்க என்ன போட்டிருக்காங்க?" என்று கேட்டு, ஏழெட்டுப் பழைய பதிவுகளைப் பார்த்து, "நாப்பத்திரெண்டு போடு. நியாயம்தான்" என்றான்.

"நாப்பத்திரெண்டா! பேராசைக்காரின்னு நினைக்க மாட்டாங்களா?"

"யாரு நினைக்கப் போறா? முகம் தெரியாத ரெண்டாயிரம் பேரா?"

போட்டாள். போட்டுவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள், அது கடித்துவிடும் என்பதுபோல. நாலாவது நிமிஷம் மணி அடித்தது. 'எடுத்துக்கறேன்.' ஒரு கூரியர் வேன் ஓட்டுநர். வார இறுதிகளில் கச்சேரிகளுக்கு வாசிக்கிறவர், சனிக்கிழமை காலை வந்து பார்க்கிறேன் என்றார்.

சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தார், செருப்பை ஒழுங்காக ஓரமாகக் கழற்றி வைத்தார், தண்ணீர் கொடுத்ததும் நன்றி சொன்னார். கீபோர்டில் விரலை ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு கட்டையாகத் தட்டினார். முகத்தில் சந்தோஷம் அப்பட்டமாகத் தெரிந்தது. கை சட்டைப்பைக்குப் போனது. இந்த இடத்தில் டீச்சர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"நாப்பத்திரெண்டுன்னு போட்டிருந்தேன்" என்றாள். "முப்பத்தெட்டு குடுங்க, போதும்."

ஓட்டுநரின் கை நின்றது. குறைக்கச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. "ஏங்க?"

"சும்மாதான். உங்களைப் பாத்தா நல்லவராத் தெரியுது. முப்பத்தஞ்சுன்னாலும் எனக்குச் சரிதான்."

அவர் குனிந்து கீபோர்டின் அடியில் பார்த்தார். நிமிர்ந்தார். "உள்ள தண்ணி கிண்ணி கொட்டிச்சாங்க?"

"ஐயோ, அதெல்லாம் இல்லப்பா."

"வேற யாரோடதாவதா இது?"

"என்னோடதுதான்! இருபத்தஞ்சு வருஷமா என்னோடது. வேணும்னா முப்பத்தி..."

ஓட்டுநர் எழுந்துவிட்டார். "யோசிச்சுச் சொல்றேங்க" என்று படியிறங்கிப் போனார். கால்மணி நேரத்தில் குழுவில் அவர் பதிவு வந்தது. விதிப்படி காரணமும் எழுதியிருந்தார்: 'விலகிக்கொள்கிறேன். நான் வாயே திறக்கவில்லை, விற்பவரே விலையைக் குறைத்துக்கொண்டே போகிறார். பயமாக இருக்கிறது.'

இரண்டாயிரம் பேர் பார்க்க அது அங்கே நின்றது. டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். நாளைக்கு ஐந்து மணிக்கு பியானோ கை மாறிவிடும், திங்கட்கிழமை வேலையும் போய்விடும், இனி இந்தக் கீபோர்டை அடிமாட்டு விலைக்குக்கூட ஒருத்தரும் தொட மாட்டார்கள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பாழாய்ப்போன வாய், அடங்கியிருக்க வேண்டிய நேரத்தில் எங்கே அடங்குகிறது?

கைபேசி ஒலித்தது. சட்டமே கூப்பிட்டிருந்தார். எழுத்தில் விறைப்பாக இருந்தவரின் குரல் ஏனோ மெலிசாக இருந்தது.

"டீச்சர், பொருள்ல ஏதாவது குறை இருக்கா?"

"பொருள்ல ஒண்ணுமில்ல சார். குறை எங்கிட்டதான். காசுன்னு வந்தா எனக்கு வாய் நிக்காது. அவர் கேக்கறதுக்குள்ள நானே குறைச்சிட்டேன்."

மறுமுனையில் ரொம்ப நேரம் சத்தமில்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்றே நினைத்தாள். பிறகு, "புரியுது" என்றார். "ரொம்ப நல்லாப் புரியுது. அந்தப் பதிவுக்குக் கீழ நான் எழுதிடறேன். நீங்க பழைய விலைக்கே மறுபடி போடுங்க. 'குறைக்கப்பட மாட்டாது'ன்னு சேத்து எழுதுங்க."

"கறாரா இருக்காதா சார்?"

"இருக்கட்டுமே. 'பாத்துக் குடுங்க'ன்னு சொன்னா, எதிர்ல இருக்கறவங்க பாவம் என்ன பண்ணுவாங்க? கொஞ்சமாக் குடுத்தா மனசு உறுத்தும், நிறையக் குடுத்தா கை உறுத்தும். அந்த பாரத்தை நாம அவங்க தலையில ஏத்தக் கூடாது. விலையைச் சொல்றதுதான் டீச்சர் மரியாதை."

டீச்சர் அதுவரை அதை மரியாதைக்குறைவு என்றே நினைத்துக்கொண்டிருந்தவள். இத்தனை வருஷம் எத்தனை பேர் தலையில் ஏற்றியிருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தாள். பிஸ்கட் டின் அம்மாகூட ஒருவேளை எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல்தான் டின்னில் இறங்கியிருப்பாளோ என்னவோ.

மத்தியானச் சாப்பாட்டின்போது கணவனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை, அதற்காக அவனுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

"லிஃப்டுக்கு நிக்கறவங்களைத் தினம் பாக்கறேன்" என்றான். "பட்டனை ஒரு தடவை அமுக்கினா போதும். விளக்கு எரிஞ்சுதுன்னா அதுக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் சும்மா நிக்கணும். சில பேர் விடாம டொக்கு டொக்குன்னு அமுக்கிட்டே இருப்பாங்க. அதனால லிஃப்ட் சீக்கிரம் வராது. பட்டன்தான் பழுதாகும், அப்புறம் என்னைக் கூப்பிடுவாங்க."

"நான் அமுக்கறவளா?"

"உடைக்கறவ. எண்ணை ஒரு தடவை சொல்லு. சொல்லிட்டு வாயை மூடிட்டு நில்லு."

சட்டம் சொன்னபடியே 'குறைக்கப்பட மாட்டாது' என்று சேர்த்து மறுபடி போட்டுவிட்டு, சாயங்காலம் குழுவைத் திறந்து பார்த்தாள். ஓட்டுநரின் பதிவுக்குக் கீழே சட்டம் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: 'விசாரித்துவிட்டேன். பொருள் சுத்தம். விற்பவர் கூச்ச சுபாவம்.' அதற்குக் கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்திருந்தன. ஒருத்தர் 'நானும் இப்படித்தான்' என்று எழுதியிருந்தார், இன்னொருத்தர் 'என் வீட்டுக்காரரும்' என்று. டீச்சருக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. கடைசியில் ஓட்டுநரும் எழுதியிருந்தார்: 'அப்படியென்றால் மறுபடி எடுத்துக்கறேன்.'

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றும்போதே ஒரு மாதிரி ஜாக்கிரதையாகப் பார்த்தார்.

"விலை எவ்வளவுங்க?" என்றார், தெரியாதவர்போல.

"நாப்பத்திரெண்டாயிரம்" என்றாள் டீச்சர். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். உள்ளே 'நாப்பதுன்னாலும்' என்று ஒன்று தொண்டை வரைக்கும் வந்தது, மென்று முழுங்கினாள். பட்டனை அமுக்கியாச்சு, பட்டனை அமுக்கியாச்சு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"இன்னிக்குக் குறைப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்பாடா!" என்றார் ஓட்டுநர். விலை குறையாததற்கு ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷப்பட்டு டீச்சர் பார்த்ததில்லை. "நேத்து பாதி நேரம் இதே யோசனைங்க. இவ்வளவு நல்ல பொருளை விட்டுட்டு வந்துட்டேனேன்னு." காசை நீட்டினார். கீபோர்டைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வேனில் வைத்தார். வேன் தெருமுனை திரும்புகிறவரை டீச்சர் நின்று பார்த்தாள். இருபத்தைந்து வருஷம் கூட இருந்த பொருள் போகிறதே என்று அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. பசிதான் வந்தது.

மூன்று மணிக்குக் கணவனின் கம்பெனி வண்டியில் சட்டத்தின் வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்தவரைப் பார்த்து டீச்சர், "சார் இருக்காரா?" என்று கேட்டுவிட்டாள். மீசையும் மிரட்டலுமாக ஒரு ஆளை அவள் மனதில் வைத்திருந்தாள். எதிரில் நின்றவர் ஒல்லியாக, வெள்ளை மேலங்கியில் பிளாஸ்டர் மாவு ஒட்டியிருக்க, கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "நான்தாங்க" என்றார்.

அவர் பல்செட் செய்கிறவர். ஊரில் உள்ள பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, அவர் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து பல் வரிசை செய்து அனுப்புவார். பல் சுட்டெடுக்கப் புதிதாக ஒரு உலை வைக்க இடம் வேண்டுமாம், அதனால்தான் பியானோவை விற்கிறார். அதன் மூடிமேல் ஏழெட்டு பிளாஸ்டர் தாடைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவசர அவசரமாக அவற்றை எடுத்தார். மூடியைத் திறந்தால் கீழே இன்னொரு வெள்ளைப் பல்வரிசை.

டீச்சர் உட்கார்ந்து வாசித்தாள். கட்டைகள் விரலுக்கு இதமாகக் கனத்தன, கொடுத்த அழுத்தத்துக்கெல்லாம் பதில் சொல்லின. இடது மிதிகட்டை எழுதியிருந்தபடியே லேசாகக் கிறீச்சிட்டது. அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. கணவனைப் பார்த்துத் தலையாட்டினாள். அவன் பையைத் திறந்தான்.

"அது வந்து..." என்றார் சட்டம். "அம்பத்தஞ்சுன்னு போட்டிருந்தேன். டீச்சர்ங்கிறதால, அம்பதே குடுங்க."

டீச்சரின் கை கட்டைமேல் அப்படியே நின்றது. நான்தான் ஒன்றுமே கேட்கவில்லையே? உள்ளே ஏதாவது எலி கடித்திருக்குமோ என்று ஒரு நிமிஷம் சந்தேகம்கூட வந்தது.

"நாப்பத்தெட்டுன்னாலும் பரவால்ல" என்றார் அவர். நெற்றியில் வேர்த்திருந்தது. "இல்ல, ஒண்ணு பண்ணுங்க. நீங்களே பாத்துக் குடுங்க."

கணவன் இருமுவதுபோலச் சிரிப்பை அடக்கினான். டீச்சருக்கு நேற்று தொலைபேசியில் கேட்ட அந்த நீளமான மௌனம் ஞாபகம் வந்தது. ரொம்ப நல்லாப் புரியுது என்று சும்மா சொல்லவில்லை மனுஷன்.

"சார், உங்களுக்குமா?"

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "முப்பது வருஷமா. டாக்டருங்க எவ்வளவுன்னு கேட்டா வாய் வராது, பாத்துக் குடுங்கன்னுடுவேன். என்னோட அக்கார்டியனை ஒருத்தர் வாங்க வந்தாரு. அவர் ஒரு வார்த்தை பேசல. நானே குறைச்சுக் குறைச்சு மூணுல ஒரு பங்குக்குக் குடுத்துட்டு, ஆட்டோவுக்கும் காசு குடுத்து அனுப்பிவச்சேன். அடுத்த வாரம்தான் இந்தக் குழுவை ஆரம்பிச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ரெண்டாவது விதியும் அஞ்சாவது விதியும் மத்தவங்களுக்காகப் போட்டதில்ல டீச்சர். எனக்காகப் போட்டுக்கிட்டது. எழுத்துல கறாரா இருக்க முடியுது. ஆள் எதிர்ல வந்து நின்னா போயிடுது."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே நெஞ்சு இளகியும் போனது. ஏழாயிரம் மிச்சம், வேண்டாம் என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? அவளுக்கும் ஒரு கணம் ஆசை தட்டத்தான் செய்தது. ஆனால் ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறாள். கொடுக்கிறவர் தலையில் ஏறுகிற பாரம் எவ்வளவு என்று இப்போதுதான் தெரிந்தது.

"போட்ட விலை என்ன சார்?"

"அம்பத்தஞ்சு."

"முழுசாச் சொல்லுங்க. வகுப்புல சொல்ற மாதிரி."

"அம்பத்தஞ்சாயிரம்."

"அவ்ளோதான். இனிமே பேசாதீங்க" என்றாள் டீச்சர். கணவன் காசை எண்ணி அவர் கையில் வைத்தான். எண்ணுகிற நேரம் முழுக்க அவர் இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் டீச்சர் விரலை உதட்டில் வைத்தாள். முடிந்ததும் அவர் முகத்தில் வந்த தெளிவைப் பார்க்க வேண்டுமே! தலையில் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவர்போல் இருந்தார். பியானோவை மூன்று பேருமாகத்தான் வண்டியில் ஏற்றினார்கள், அவர்தான் எல்லாரையும்விடக் கனமான பக்கம் பிடித்தார்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் பியானோ இசை அறையில் இருந்தது. முதல்வரின் அறையில் டீச்சர் படிவத்தை விரித்தாள். வெறும் கட்டம். காலையிலிருந்து மனதில் எழுதி எழுதிப் பார்த்த எண்ணை, பேனாவைக் கொஞ்சம் அழுத்தி எழுதினாள். எழுதி, மேசையில் முதல்வர் பக்கமாகத் தள்ளினாள்.

முதல்வர் படித்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி படித்தார். டீச்சரின் தொண்டையில் 'ஜாஸ்தின்னா குறைச்சுக்கலாம் மேடம்' என்பது முழு வாக்கியமாகத் தயாராக நின்றது. அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை. துடைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் வரிசையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றார் முதல்வர், முத்திரையை எடுத்துக் குத்தினார். "வாங்க, பியானோவைப் பாப்போம்."

இடைவேளையில் டீச்சர் மாடிப்படியில் நின்று கணவனைக் கூப்பிட்டாள். வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

"என்னங்க, லிஃப்ட் வந்திருச்சு."

"எத்தனாவது மாடி?" என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

அவள் எண்ணைச் சொன்னாள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.